சைபர்பங்க் 2077 சொதப்பியதற்கு யார் காரணம்? சோனி நிறுவனமா, கேமை உருவாக்கிய ஸ்டுடியோவா?

பழி பெரும்பாலும் ஸ்டுடியோ மீதுதான். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் மூன்று முறை தேதியைத் தள்ளி, 2020 டிசம்பர் 10 அன்று கேமை வெளியிட்டது. நல்ல கணினியில் ஓரளவு ஓடியது. சோனியின் பழைய கன்சோலான (டிவியில் இணைத்து கேம் ஆடும் கருவி) பிளேஸ்டேஷன் 4-இல்தான் பெரும்பாடு: வண்டியை வேகமாக ஓட்டினால் எதிரே கட்டடங்கள் மங்கலாக நின்று மெதுவாகத் தெளியும், திடீரென கேமே மூடிக்கொள்ளும். எனக்குக் கோபம் இதைவிட வேறொன்றில். விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கணினிப் பதிப்பை மட்டும் கொடுத்தார்கள். கன்சோல்காரர்கள் நிலைமை தெரியாமலேயே காசைக் கட்டினார்கள்.

சரி, சோனி? சுமார் ஒரு வாரத்தில் தன் ஆன்லைன் கடையிலிருந்து தூக்கிவிட்டு, பணத்தைத் திருப்பித் தந்தது. ஆனால் தன் கன்சோலுக்கு அதை அனுமதித்ததும் சோனிதானே! 2021 ஜூனில் கேம் கடைக்குத் திரும்பியது; அப்புறம் 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்தான் அதை உருப்படியாக்கியது.