நேரத்தை மாத்தாதீங்க, செய்றத மாத்துங்க: வாசகர் கேள்வி-பதில்

காரைக்குடியில பிசியோதெரபி பாக்குறவன் நான். இந்த மாசம் வந்த கேள்விகள்ல அஞ்சு மட்டும் எடுத்துக்கிட்டேன், முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், ஏன்னா பாதிப்பேருக்கு அதே பிரச்சனைதான்.

ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு தம்பி, தினமும் விடிகாலையில ஊருணியச் சுத்தி ஒரு மணி நேரம் நடக்குறேன், ஒரு நாள் விட்டதில்ல. ஆனா படியேறுனா தொடை நடுங்குது, தரையில உக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும். நடை போதாதா? (தேவகோட்டை)

ஐயா, ஆறு வருஷம் விடாம நடக்குறது லேசுப்பட்ட காரியம் இல்ல, அந்த ஒழுங்கு இருக்கே அதுதான் உங்க சொத்து. ஆனா அதே ஊருணி, அதே சுத்து, அதே வேகம். உடம்புக்கு ஒரு வேலை பழகிட்டா அதுக்கு மேல வலு ஏத்திக்காது. நடை நெஞ்சுக்கும் சுகருக்கும் ரொம்ப நல்லது, தொடை வலுவுக்கு அது மட்டும் பத்தாது. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன கணக்கே இதுதான், வாரத்துக்கு 150லேருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, கூடவே 2 நாளாவது தசைக்கு வலு குடுக்குற பயிற்சி, 65 தாண்டினவங்கன்னா வாரம் 3 நாள் பேலன்ஸ் பயிற்சியும் சேத்துக்கணும்.

கிளம்புற நேரத்தை மாத்தாதீங்க. திங்களும் வியாழனும் மட்டும் நடையப் பாதியாக் குறைச்சுட்டு, திண்ணையில உக்காந்து கைய ஊனாம எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருங்க. பத்துத் தடவை, கொஞ்சம் மூச்சு விட்டுட்டு இன்னொரு பத்து. உக்காரும்போது தொப்புன்னு விழக்கூடாது, மனசுக்குள்ள மூணு எண்ணிக்கிட்டே இறங்கணும், அந்த இறக்கத்துல தொடை நல்லா வேலை செய்யும். இன்னும் 3 நாள் முகப்புத் தூணை ஒரு கையால தொட்டுக்கிட்டு ஒத்தக்கால்ல நில்லுங்க, வழுவழுன்னு இருக்குற தேக்குத் தூணைக் கெட்டியாப் பிடிக்க வேணாம், விரல் பட்டா போதும். ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரைன்னா ஈரம் இல்லாமப் பாத்துக்குங்க, வழுக்கும். வலி இருந்தா நிறுத்திட்டு டாக்டரப் பாருங்க.

எங்க வீடு ரெண்டு தெருவுக்கும் வாசல் வச்ச பெரிய வீடுண்ணே, கூட்டித் தொடைச்சாலே மத்தியானம் ஆயிடும், எனக்கு எதுக்கு தனியா எக்சர்சைஸ்? (பள்ளத்தூர்)

வீட்டு வேலையும் உழைப்புதான்க்கா, கண்டிப்பா கணக்குல சேரும். ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க, வேலை செய்யும்போது பேச முடியணும், ஆனா பாட வராத அளவுக்கு மூச்சு வாங்கணும், அப்பதான் அது மிதமான உழைப்பு. இன்னொன்னு, நாள் பூரா முன்னாடியே குனியிறீங்க. எங்க அப்பத்தா ஊருணியிலேருந்து குடம் தூக்கிட்டு வரும்போது ஒரு மரத்தடி வந்ததும் இடுப்பு மாத்தும், வலது பக்கத்துலேருந்து இடது பக்கம், ஒரு நாளும் மறக்காது. அந்த மாதிரி நீங்களும் அரை மணிக்கு ஒருக்க நிமிந்து, கைய இடுப்புல வச்சு லேசா பின்னால சாயுங்க, வாளியையும் கை மாத்தித் தூக்குங்க.

ஜனவரி ஒண்ணு ஜிம்முக்குப் போறேன், பொங்கலோட நின்னுடுது. எனக்கு வில்பவரே இல்லையா? (காரைக்குடி, வயசு 24)

உன்கிட்ட குறை இல்ல தம்பி, எடுத்ததுமே பெருசா எடுக்குற, அதான். லண்டன்ல 96 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஒரு பழக்கம் தானா வர்றதுக்கு சராசரியா 66 நாள் ஆகுது, ஆளுக்கு ஆள் 18லேருந்து 254 நாள் வரைக்கும் மாறுதாம், நடுவுல ஒரு நாள் விட்டா பெருசா ஒண்ணும் கெட்டுப்போகலைங்கிறதும் அதுல தெரிஞ்சுச்சு. பொங்கல்ல நின்னா மறுநாள் போ, அவ்வளவுதான். குன்றக்குடியிலேருந்து பழனிக்குக் காவடி கட்டி நடக்குறவங்களப் பாரு, பழனிய நெனச்சு யாரும் மலைக்கிறதில்ல, இன்னிக்கு ராத்திரி தங்குற ஊர் வரைக்கும்தான் அவங்க கணக்கு. நீயும் தினம் ஒரே நேரத்துல பத்து நிமிஷம், ஒரு நாள் தண்டால், ஒரு நாள் சைக்கிள், ஒரு நாள் கபடின்னு வச்சுக்க.

புள்ளைங்க எல்லாம் சிங்கப்பூர்ல. இவ்வளவு பெரிய வீட்டுல நான் ஒருத்திதான். உடம்பு பரவாயில்ல, மனசுதான் மந்தமா இருக்கு, பேரு ஊரு மறக்குது. (கானாடுகாத்தான்)

ஆச்சி, படிச்சதும் மனசு கனத்துப்போச்சு. டிவி பாக்குறது மூளைக்கு வேலை இல்ல, தெரியாத ஒண்ணைக் கத்துக்குறதுதான் வேலை. பனையோலைக் கொட்டான் முடையத் தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்தா போய் உக்காருங்க, முதல் வாரம் ஓலை பிரிஞ்சு பிரிஞ்சு வரும், விரலு சொன்னபடி கேக்காது, அந்தத் திணறல்தான் மருந்து. கொட்டான் பின்னத் தெரிஞ்சவங்கன்னா வேற ஏதாவது புதுசு எடுங்க. நடையும் விடாதீங்க, வயசானவங்க 120 பேர்ல ஒரு வருஷம் நடந்தவங்களுக்கு ஞாபகத்துக்கான மூளைப் பகுதி 2 சதவீதம் பெருசானதா 2011ல வந்த ஆய்வு சொல்லுது. ஆனா மறதி கூடிக்கிட்டே போனாலோ, ரெண்டு வாரமா எதுலயும் பிடிப்பே இல்லைன்னாலோ தள்ளிப்போடாம டாக்டரப் பாத்துடுங்க. ராத்திரியில மனசு தாங்கலைன்னா 14416க்கு போன் போடுங்க, அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம்.

கல்யாண சீசன்ல கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் கட்டுப்படுத்தவே முடியல, என்ன பண்ண?

உக்காந்து, ரசிச்சு, ஒண்ணொண்ணு சாப்பிடுங்க. வீட்டுக்கு மட்டும் கட்டிக்கிட்டு வராதீங்க.