ஈயச் சுரங்கத்துக்குள் இறங்கலாமா? – கடிதம்

வணக்கம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். ஆந்திராவில் வினுகொண்டா பக்கம் மூடிக் கிடக்கும் ஈயச் சுரங்கத்துக்கு நீங்கள் போய் வந்ததைப் படித்தேன். எனக்கும் உள்ளே இறங்கி கலினா என்ற ஈயத் தாதுக்கல்லை எடுத்துவர ஆசை. ஆறு வயதுப் பேரனையும் கூட்டிப் போகலாமா? ஈயம் விஷம் என்று சொன்னால், "ஈயச்சொம்புலதானே இத்தனை வருஷமா ரசம் வைக்கிறேன்" என்கிறாள் மனைவி.

– மடிப்பாக்கம் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மனைவியின் கேள்வி. ரசச்சொம்பு வெள்ளீயம், சுரங்கத்தில் இருப்பது காரீயம். பெயர்தான் ஒன்று, உலோகம் வேறு. ஆனால் வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து செய்த சொம்பு என்றால் ஆபத்துதான். தெரிந்த கடையில் வாங்கியதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுரங்கத்துக்குள் இறங்க வேண்டாம். கூரை இடிந்து விழும் என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். எனக்குக் காற்றின் மேல்தான் பயம். மூடிய சுரங்கத்தில் மக்கும் மரமும் கந்தகத் தாதுவும் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். வாசனை எதுவும் வராது, ஆள் சுருண்டு விழுந்த பிறகுதான் தெரியும். போதாததற்கு, பழைய குழிகளை மூடிய பலகைகள் உளுத்துப் போயிருக்கும். மேலே மண் படிந்து தரை மாதிரியே இருக்கும்.

உண்மையைச் சொன்னால் நானும் உள்ளே போகவில்லை. ஒங்கோல் வரை ரயில், அப்புறம் பேருந்து. வினுகொண்டா பக்கத்து அக்னிகுண்டலா பகுதியில் நல்லகொண்டா, துக்கொண்டா இரண்டும் செம்புக்குப் பேர் போனவை; ஈயத்துக்கு பண்டலமொட்டு. அனுமதி வாங்கிக்கொண்டு வெளியே இருந்த கழிவுமேட்டில் அரை நாள் குந்தியிருந்தேன். கல் சேர்ப்பவனுக்கு அதுதான் சுரங்கம். தோண்டியவர்கள் வேண்டாமென்று கொட்டியதில் நமக்கு வேண்டியது இருக்கும்.

அங்கே கண்ணை விடக் கையை நம்புங்கள். சாம்பல் நிற டோலமைட் பாறைத் துண்டுகளைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது எலுமிச்சை அளவில் ஒன்று கையைக் கீழே இழுத்தது. சாதாரணக் கல் தண்ணீரைப் போல இரண்டே முக்கால் மடங்கு கனம். கலினா ஏழரை மடங்கு. வெளியே மங்கி, அழுக்குக் கரி மாதிரி இருந்தது. தோள்துண்டை விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு சுத்தியலால் லேசாகத் தட்டினேன். உடைந்த முகம் புது எவர்சில்வர் போலப் பளபளத்தது. சிதறிய துணுக்கு ஒவ்வொன்றும் குட்டிக் கனசதுரம். அதைத் தட்டினால் அதனினும் குட்டிக் கனசதுரம். கடைசியில் தூளாகிற வரை தட்டிக்கொண்டே இருந்தேன், சின்னப் பையன் மாதிரி. அப்படித் தூளாக்கவே கூடாது என்பது வீட்டுக்கு வந்த பிறகு உறைத்தது. தூள் ஒட்டிய தோள்துண்டைத் தூக்கி எறிந்தேன்.

கலினா எளிதில் கரையாது. அதன் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும் செருசைட் என்ற ஈயக் கார்பனேட் அப்படியில்லை, வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும். எனவே கை கழுவாமல் வடையைத் தொடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தால் மூடிய பெட்டியில், பேரன் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம்.

இன்னொன்று, எடுத்த இடத்திலேயே காகிதத்தில் ஊர், இடம், தேதி எழுதி ஒவ்வொரு கல்லோடும் தனித்தனியாகச் சுற்றுங்கள். நான் சோம்பேறித்தனப்பட்டு மூன்று கல்லை ஒரே பையில் போட்டேன். அதே பையில் ஏற்கெனவே ராஜஸ்தானின் ஜாவரிலிருந்து ஒருவர் கொடுத்த துண்டும் கிடந்தது. பேருந்துக் குலுக்கலில் நான்கும் ஒன்றாகிவிட்டன. இப்போது அலமாரியில் நான்குக்கும் கேள்விக்குறி போட்ட சீட்டுதான். விலைக்கும் போகாது, ஆராய்ச்சிக்கும் ஆகாது.

பேரனைக் கூட்டிப் போகாதீர்கள். சின்னக் குழந்தைகளின் உடம்பு ஈயத்தைப் பெரியவர்களைவிட அதிகமாக உறிஞ்சும், விரல் வாய்க்குப் போய்க்கொண்டே இருக்கும் வயது. அவனுக்கு உங்கள் பக்கத்திலேயே பல்லாவரம் குன்று இருக்கிறதே. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் எந்த வகைப் பாறையோ, அதே பாறை. நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதற்கு சார்னாக்கின் பெயரையே வைத்து சார்னோக்கைட் என்றார். உடைத்தால் நீலச்சாயல் தெரியும், விஷம் கிடையாது. அப்புறம் எழும்பூர் அருங்காட்சியகத்தின் நிலவியல் பகுதிக்கும் கூட்டிப் போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று மட்டும் போய் நிற்காதீர்கள்.