இரவு ராணி: குளிர்ந்த ஊர்த் தோட்டக்காரர்களின் கேள்விகள்

பெங்களூரு, ஓசூர், குன்னூர் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. என் வீட்டு மதிலோரம் 11 வருஷமாக நிற்கும் செடியை வைத்துப் பதில் சொல்கிறேன்.

ஓசூர்: அக்கா, இதுவும் பிரம்ம கமலமும் ஒன்றா?

இல்லை. வீட்டில் பிரம்ம கமலம் என்று வளர்ப்பது கள்ளி வகை. கையகலப் பூ, ஒரே ராத்திரியில் தொங்கிவிடும். இரவு ராணி புதர். வெளிர்பச்சைக் குழல்பூ, ஓரங்குலம்தான், கொத்துக் கொத்தாக வரும். கத்தரி, தக்காளியின் சொந்தம் என்றால் யாரும் நம்புவதில்லை!

ஒயிட்ஃபீல்டு: மூன்று வருஷமாச்சு. இலை தளதளவென்று இருக்கு, பூ மட்டும் இல்லை. வாராவாரம் கடலைப் பிண்ணாக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

அந்தத் தண்ணீர்தான் காரணம். தழைச்சத்து ஏறினால் செடி இலையிலேயே திருப்திப்பட்டுவிடும். இரண்டு மாசம் நிறுத்துங்கள். தினம் ஐந்தாறு மணி நேரமாவது வெயில் படுகிறதா பாருங்கள்.

அடுத்தது கத்தரிப்பு. பூ வருவது புதுத் துளிரில். எனக்கும் முதலில் வெட்ட மனசு வரவில்லை. செடி பத்தடி போய், பூவெல்லாம் பக்கத்து வீட்டு மாடிக்கு மணந்தது. இப்போது ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுகிறேன். பிறகு ஒரு கை மண்புழு உரம், அவ்வளவுதான். தினமும் பூக்காது, வருஷத்தில் சில முறை, வந்தால் மொத்தமாக வரும்.

குன்னூர்: உறைபனியில் கருகிவிட்டது. பிடுங்கிவிடவா?

பொறுங்கள். பெரும்பாலும் அடியிலிருந்து துளிர்க்கும். கருகிய கிளையைப் பனிக்காலம் முடியும்வரை வெட்டாதீர்கள். உள்கிளைக்கு அதுதான் போர்வை.

ஜெயநகர்: பகலில் ஏன் மணப்பதே இல்லை?

அதற்கு உள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. 1960இல் வெளியான ஓர் ஆய்வில், தொடர்ந்து இருட்டில் வைத்தபோதும் பூவின் மணம் ஏறி இறங்கியது.

ஓசூர்: பாம்பு வரும் என்று மாமியார் நடவே விடவில்லை.

மணத்துக்கு வராது. அடர்ந்த புதரடியில் எலி, தவளை இருந்தால் அதைத் தேடி வரும். தரையிலிருந்து ஓரடிவரை கிளைகளைக் கழித்துச் சருகைக் கூட்டிவிடுங்கள். மாமியார் சொன்னதில் பாதி சரி என்றே அவரிடம் சொல்லுங்கள், வேலை நடக்கும்.

பெங்களூரு: வெள்ளைக் காய் பிடித்திருக்கிறது. குழந்தை இருக்கும் வீடு.

விஷம். செடி முழுக்கவே அப்படித்தான். பூ வாடியதும் கொத்தோடு கிள்ளிவிடுங்கள், வெட்டிய தழையை ஆடு மாட்டுக்குப் போடாதீர்கள். படுக்கையறை ஜன்னலடியிலும் வேண்டாம். சிலருக்கு அந்த மணம் தலைவலி தரும்.

கோரமங்களா: ஒரு குச்சி கிடைக்குமா அக்கா?

அடுத்த கத்தரிப்பில் தருகிறேன். பென்சில் கனம், ஆறங்குல நீளம், கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஈரமணலில் குத்தி நிழலில் வையுங்கள். துளிர் வந்ததே என்று இழுத்துப் பார்க்காதீர்கள்.