கிறிஸ்துமஸ் மதியம் எங்கே சாப்பாடு?

அன்புள்ள அக்கா,

நான் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்துக் கிராமத்துக்காரன். வயது 24. வேதாகமக் கல்லூரி முடித்து ஒரு மிஷனரி சங்கத்தில் சேர்ந்தேன். அக்டோபரில் வேலூருக்கு அனுப்பினார்கள். சத்துவாச்சாரியில் அறை. ஒரு சின்ன சபையில் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் நாடகம் சொல்லிக்கொடுக்கிறேன், வீடு சந்திப்புக்குப் போகிறேன்.

எங்கள் ஊரில் டிசம்பர் பிறந்தாலே வீட்டுக்கு வீடு ஸ்டார் ஏறிவிடும். அம்மா முறுக்குக்கு மாவு திரிக்கக் கொடுத்துவிடுவாள். கேரல் ரவுண்ட்ஸ் போனால் விடியும்போதுதான் வீடு. இங்கேயும் கேரல் போகிறோம். மற்ற எல்லோரும் சின்ன வயதிலிருந்து சேர்ந்து வளர்ந்தவர்கள். நான் வேனுக்குப் பின்னால் நிற்கிறேன். வீடு சந்திக்கப் போனால் "சரி பிரதர், ஜெபத்துல நெனச்சுக்குங்க" என்று கேட்டைச் சாத்திவிடுகிறார்கள். அம்மா போனில் "சாப்ட்டியாய்யா" என்பாள். சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்கிறேன்.

மூத்த ஊழியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். வீட்டு ஞாபகம் விசுவாசக் குறைவு என்றார். இங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் இப்படி இருந்திருக்குமா? நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் மிஷனரிகளைப் பார்த்துச் சலித்த ஊர் இது. இங்கே நான் கொடுக்க என்ன இருக்கிறது? 24ஆம் தேதி ராத்திரி பஸ் ஏறிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

நான் எந்தச் சபையிலும் இல்லாதவள். வீடு வீடாகப் போய் மதம் சொல்வதில் எனக்குப் பெரிய உடன்பாடும் கிடையாது. அது தெரிந்தும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் பூசி மெழுகாமல் பதில் சொல்கிறேன். வீட்டு ஞாபகம் விசுவாசக் குறைவு என்று சொன்ன பெரியவர் சொந்த ஊரிலேயே ஊழியம் செய்கிறவராக இருப்பார். அவரை விட்டுவிடுவோம்.

ஐடா ஸ்கடர் கதையை ஞாயிறு பள்ளியில் சொல்லும் விதத்தில் ஒரு தொல்லை உண்டு. திண்டிவனம், ஒரே ராத்திரி, ஆண் டாக்டரிடம் காட்டாமல் பிரசவத்தில் இறந்த மூன்று பெண்கள், கடவுளின் அழைப்பு, அப்புறம் சி.எம்.சி. நடுவில் இருக்கிற மனுஷி காணாமல் போய்விடுகிறாள். 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர் அவர். சிறுமியாக அமெரிக்கா போனார். பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பியபோது அவரை அங்கே உறவினர்களிடம் விட்டுவிட்டு வந்தார்கள். மிஷனரி ஆகக்கூடாது என்பதில் உறுதியாக இருந்த பெண். பின்னால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார், திரும்பிப் போகும் எண்ணத்தோடுதான். அந்த ராத்திரிக்குப் பிறகு மனம் மாறி, மருத்துவம் படித்து 1899இல் கார்னெலில் பட்டம் வாங்கி, 1900இல் வேலூருக்கு வந்து சேர்ந்தார். இந்த ஊரையும் ஜனங்களையும் அறிந்த மருத்துவரான அவருடைய அப்பா அதே வருஷம் இறந்துபோனார்.

அந்த வருஷத்தின் டிசம்பரை நினைத்துப் பாருங்கள். அப்பா இல்லாத முதல் கிறிஸ்துமஸ். ஆஸ்பத்திரி என்று ஒன்றும் இல்லை, குடியிருந்த வீட்டிலேயே ஓர் அறையும் ஒரு கட்டிலும்தான். வீட்டு ஞாபகம் வந்திருக்குமா என்றா கேட்கிறீர்கள்?

அந்த நாட்களில் எனக்குப் பிடித்த ஆள் ஐடா இல்லை, சலோமி. அந்த வீட்டில் வேலைக்கு இருந்த பெண். ஐடாவுக்குக் கைகொடுத்த முதல் உதவியாள் அவர்தான். மருந்து ஐடாவுக்குத் தெரியும். வாசலில் வந்து நிற்கிறவள் எதற்குப் பயப்படுகிறாள் என்பது சலோமிக்குத்தான் தெரிந்திருக்கும் என்பது என் கணிப்பு. 1902இல் நாற்பது படுக்கையோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. அதற்குப் பணம் கொடுத்த அமெரிக்கரின் மனைவி பெயர் அது, நியாயம்தான். ஆனால் கார்னெலில் படித்துவிட்டு வந்த டாக்டர் தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணிடம் போய் 'எனக்குக் கூட வந்து நில்' என்று கேட்க வேண்டியிருந்ததே, அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

உங்கள் ஊர்ப்பக்கத்து ஆளையே எடுத்துக்கொள்ளலாம். வெள்ளாளன்விளை வே.ச. அசரியா. நாசரேத்துக்காரருக்கு நான் அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியதில் முன்னால் நின்றவர், 1909இல் தானே தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போனவர், 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப். அவர் போன இடத்தில் மொழியே தெலுங்கு. உங்களுக்காவது தமிழ்.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசினார். கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். ஏழைகளுக்கு உங்கள் பொருளையெல்லாம் கொடுத்தீர்கள், உடம்பையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். சிலருக்கு அது உறைத்தது, சிலருக்குக் கோபம் வந்தது. கொடுத்துக்கொண்டே இருக்கிறவனோடு சேர்ந்து உட்கார முடியாது என்பதை நெல்லைச் சீமைக்காரர் ஒருவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். இப்போது அந்த வெள்ளைக்காரர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆற்காடு மிஷன் 1853இல் ஆரம்பித்தது. அதிலிருந்து இந்த மாவட்டத்துக்காரர்கள் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தொழுநோய் வைத்தியம் என்று என்னென்னவோ வாங்கிக்கொண்டவர்கள். கொடுக்க வந்தவர் என்று தெரிந்தால் மரியாதையாக எழுந்து நிற்பார்கள், நன்றி சொல்வார்கள், கேட்டைச் சாத்திவிடுவார்கள். உங்களுக்கு நடப்பது அதுதான். அவர்கள் உங்களை வெறுக்கவில்லை, உங்களுக்கு அவர்களிடமிருந்து எதுவும் வேண்டியிருக்காது என்று நினைக்கிறார்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்க உங்களிடம் ஒரு தேவை தெரிய வேண்டும். அதனால் கொஞ்ச நாளைக்குக் கேட்கிறவராக இருங்கள். இலவம்பாடி முள் கத்தரிக்காயை எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஒரு அம்மாவிடம் கேளுங்கள். காய் வாங்கி முடிப்பதற்குள் எண்ணெய்க் கத்தரிக்காய் பக்குவமும் அவர் மாமியார் கதையும் வந்துவிடும். கேரல் வேனில் பாட்டுப் புத்தகம் பிடிக்கிற பையனிடம் போய், இந்தப் பாட்டுக்கு இங்கே மெட்டு வேறு மாதிரி இருக்கிறதே, சொல்லிக்கொடு என்று கேளுங்கள்.

அப்புறம் அந்த நாடகம். உங்கள் மேய்ப்பர்கள் எந்த ஊர்த் தமிழில் பேசுகிறார்கள்? நாசரேத் தமிழிலா, புத்தகத் தமிழிலா? வசனத்தைப் பிள்ளைகள் கையில் விட்டுவிடுங்கள். "இன்னாபா, இந்நேரத்துல இவ்ளோ வெளிச்சம்!" என்று ஒரு மேய்ப்பன் ஆரம்பித்தால் சபையே நிமிர்ந்து உட்காரும். மூன்று ஞானிகளில் ஒருவராக நீங்கள் நடித்துக்கொள்ளலாம், தூரத்திலிருந்து வந்தவருக்குப் பொருத்தமான வேஷம்.

இப்போது முக்கியமான கேள்வி. 25ஆம் தேதி மதியம் உங்களுக்கு எங்கே சாப்பாடு? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், வெளியூரிலிருந்து வந்த ஊழியர்களுக்கு இப்படி நடந்து பார்த்திருக்கிறேன். சபையில் யாராவது கூப்பிட்டிருப்பார்கள் என்று போதகர் நினைப்பார். போதகர் வீட்டில் சாப்பிடுவார் என்று சபையார் நினைப்பார்கள். காலை ஆராதனை முடிந்து ஐம்பது பேர் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்வார்கள், எல்லோரும் பிரியாணி தம் போட்டிருக்கிறது என்று ஓடிவிடுவார்கள். நீங்கள் அறைக்குப் போய் பிஸ்கட் சாப்பிடுவீர்கள். அதற்கு முன்பே, இந்த ஞாயிற்றுக்கிழமையே, ஏதாவது ஒரு வீட்டில் வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள்: "அக்கா, கிறிஸ்துமஸ் அன்னைக்கு உங்க வீட்டுக்குச் சாப்பிட வரட்டுமா?" வெட்கமாக இருக்கும். கேட்கப்பட்ட வீட்டுக்கு எவ்வளவு சந்தோஷம் என்பது உங்களுக்கு அன்றைக்குத் தெரியும்.

இன்னொன்று. சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள லாட்ஜ் தெருக்களுக்குள் உங்கள் கேரல் வேன் போகிறதா? வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கெங்கிருந்தோ வந்து, நோயாளியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, வாடகை அடுப்பில் சோறு பொங்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். மிசோரம், நாகாலாந்துக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் ஊரே கூடுகிற பண்டிகை. இந்த வருஷம் அவர்களில் சிலருக்கு லாட்ஜ் அறையும் ரிப்போர்ட்டும்தான். வேலூரில் கிறிஸ்துமஸுக்கு வீட்டை நினைத்துக்கொண்டிருப்பது நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. போய்ப் பாடுங்கள், அவர்களுக்குத் தெரிந்த பாட்டைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். மதம் சொல்லும் துண்டுப்பிரதி மட்டும் வேண்டாம். கட்டிலில் கிடக்கிறவரால் கேட்டைச் சாத்த முடியாது. அவரிடம் அதை நீட்டுவது எனக்கு அராஜகமாகப் படுகிறது. உங்கள் சங்கத்துக்கு இது பிடிக்காமல் போகலாம், நான் எழுதியதாகவே சொல்லுங்கள்.

24 ராத்திரி பஸ் வேண்டாம். நாடகம் போடுகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு ஓடக்கூடாது. 31 ராத்திரி ஆராதனை வரைக்கும் இருந்து, புது வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை வாங்கிக்கொண்டு, ஜனவரி முதல் வாரம் போய்விட்டு வாருங்கள். டிக்கெட்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், பொங்கலை ஒட்டித் தள்ளிப்போட்டால் நின்றுகொண்டுதான் போக வேண்டும். விடியற்காலை ஆராதனைக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், வெயிலூர் என்று கேலி செய்வார்களே தவிர மார்கழிப் பனி இங்கே நன்றாகவே இறங்கும். அம்மாவிடம் சாப்பிட்டேன் என்று பொய் சொல்லாதீர்கள். பார்சலில் முறுக்கு அனுப்பச் சொல்லுங்கள், சாப்பிடப் போகிற வீட்டுக்குக் கையில் கொண்டுபோக உதவும்.