ரேங்க் விட்ட பிறகு எந்த கேமும் பிடிக்கவில்லை – பதில்

நண்பா, வாலரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமில் டயமண்ட் ரேங்கிலிருந்து பிளாட்டினத்துக்கு விழுந்து, அதை விட்டதாகவும், இப்போது எந்த கேமைத் திறந்தாலும் பத்து நிமிடத்தில் மூடிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே கதைதான். ரேங்க் ஆட்டம் முடிந்ததும் ஆர்.ஆர். (ரேங்கைத் தீர்மானிக்கும் புள்ளி) எத்தனை ஏறியது, எத்தனை இறங்கியது என்று மட்டும் பார்ப்பேன். ஆட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஜெயித்தாலும் சந்தோஷமில்லை, அப்பாடா என்ற நிம்மதிதான்.

கேம் வெறுத்துப்போகவில்லை. எண்ணைப் பார்த்தே பழகிய மனசுக்கு, எண் இல்லாத கேம் சப்பென்று இருக்கிறது.

எனக்குக் கைகொடுத்தது போர்ட்டல் 2. 2011இல் வந்த பழைய புதிர் கேம். அதிலுள்ள இருவர் ஆட்டத்தில் ஆளுக்கொரு ரோபோவாகச் சேர்ந்து ஆடுவோம்; எதிரணி, ரேங்க் எதுவும் கிடையாது. என் தம்பி நான் நிற்கும் ஒளிப் பாலத்தை நேரம் பார்த்து அணைக்க, என் ரோபோ அமிலத்தில் விழும். உடனே மறுபடி வந்துவிடும். மூன்றாவது தடவை விழுந்தபோது இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ரேங்க் ஆட்டமாயிருந்தால் அவனைத் திட்டித் தீர்த்திருப்பேன்.

வாலரன்டையே ஆட ஆசையா? அப்புறம் அதிலேயே உள்ள ஸ்விஃப்ட்பிளே என்ற குட்டி ஆட்டத்தைப் பாருங்கள். ஐந்து ரவுண்டு ஜெயித்தால் முடிந்தது, ரேங்கும் அசையாது. ஆனால் முதல் ஒரு மாதம் அதையும் தொடாதீர்கள்.