கிராபிக்ஸ் டிரைவர் திறந்த மூலமா, மூடியதா: ஏன் இவ்வளவு விவாதம்?

டிரைவர் என்பது இயங்குதளம் கேட்பதைக் கிராபிக்ஸ் அட்டைக்குப் புரியும் கட்டளையாக மாற்றித் தரும் மென்பொருள். அதன் மூல நிரலை, அதாவது புரோகிராமர் எழுதிய வரிகளை, யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்றால் அது திறந்த மூல டிரைவர். மூல நிரலைத் தராமல், கணினியில் ஓடும் வடிவத்தை மட்டும் நிறுவனம் கொடுத்தால் மூடிய டிரைவர்.

லினக்ஸ் இயங்குதளத்தில்தான் இந்த விவாதம் சூடாக நடக்கிறது. காரணம், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் உள் அமைப்பு அடிக்கடி மாறும். கெர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவரை, மாற்றம் செய்பவர்களே கையோடு திருத்திவிடுவார்கள். வெளியே இருக்கும் மூடிய டிரைவரோ நிறுவனம் புதுப்பிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கெர்னலைப் புதுப்பித்ததும் சிலருக்குத் திரை கறுத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். சீல் வைத்த தண்ணீர் மோட்டார் மாதிரி: ஓடும்வரை கவலையில்லை, நின்றுவிட்டால் தயாரித்தவரைத் தவிர யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. பழைய அட்டைக்கு நிறுவனம் ஆதரவை நிறுத்திவிட்டால் அப்புறம் சிரமம்தான்.

சரி, நிறுவனங்கள் ஏன் மூடி வைக்கின்றன? பிறரிடம் உரிமம் வாங்கிய நிரலும் தொழில் ரகசியமும் உள்ளே கலந்திருக்கும். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் கிராபிக்ஸ் சிப் தயாரிக்கும் ஏஎம்டியும் இன்டெல்லும் லினக்ஸில் திறந்த வழியில் நன்றாகவே நடக்கின்றன. பயனருக்கு அதுவே நல்லது என்பேன். இன்னொரு தயாரிப்பாளரான என்விடியாவின் அட்டைகளுக்கான 'நூவோ' என்ற திறந்த மூல டிரைவரை ஆர்வலர்கள் அட்டையின் நடத்தையைக் கவனித்தே எழுதினார்கள். அசாத்திய உழைப்பு அது.

2022இல் என்விடியா எல்லாவற்றையும் திறந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்போது திறந்தது டிரைவரின் கெர்னல் பகுதியை மட்டுமே; படம் வரையச் செயலிகள் பயன்படுத்தும் ஓபன்ஜிஎல், வல்கன், அட்டையில் கணக்கீடு செய்ய உதவும் கூடா ஆகியவற்றை இயக்கும் பகுதிகளை அல்ல.