பிரசவம் பார்க்காத மகளிர் மருத்துவர்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

தேனி மாவட்டத்திலிருந்து எழுதியுள்ள ஐயா அவர்களுக்கு,

மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவத்தில் எம்.எஸ். இறுதியாண்டு படிக்கும் தங்கள் மூத்த மகள், ஊரில் சொந்தமாக மருத்துவமனை தொடங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, பெண்களின் இனப்பெருக்க உறுப்புகளில் வரும் புற்றுநோய்களுக்கான எம்.சிஎச். என்னும் உயர் சிறப்பு அறுவை மருத்துவப் படிப்பில் சேர விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். மேலும் மூன்றாண்டுப் படிப்பு, தள்ளிப்போகும் திருமணம், நாள்தோறும் மரணத்தைப் பார்க்கும் வேலை ஆகிய மூன்றும் தங்களை வருத்துவது புரிகிறது. ஆயினும், "பிரசவம் பார்க்காத லேடி டாக்டரிடம் யார் வருவார்கள்?" என்று இடையில் கேட்டிருக்கிறீர்களே, அதற்கே முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன்.

பிரசவத்திற்கு வருகிறவர்கள் மருத்துவரைத் தாமே தேடி வருவார்கள். புற்றுநோய் அறுவை மருத்துவரிடம் மற்ற மருத்துவர்கள்தான் நோயாளிகளை அனுப்பி வைப்பார்கள். சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் வயிற்றுக்குள் பரவிய பிறகே தெரியவருகிறது. கண்ணுக்குத் தெரியும் கட்டி எதையும் விட்டுவைக்காமல், குடல்மேலும் உதரவிதானத்தின் மேலும் படிந்திருப்பவை உட்பட, முழுவதையும் அகற்ற முடிகிறதா என்பது அந்தப் பெண் எத்தனை காலம் நலமாக இருப்பார் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அதற்குரிய பயிற்சி பொதுவான எம்.எஸ். படிப்பில் கிடைப்பதில்லை. ஆகவே நோயாளிகள் வராமல் போவார்களோ என்ற கவலை தேவையற்றது.

கவலைப்பட வேண்டியது வேறொன்று உண்டு. இந்தத் துறையில் தனி ஆளாக இயங்க முடியாது. முற்றிய நிலையிலுள்ள கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கத்தியைவிடக் கதிர்வீச்சே முதன்மையான சிகிச்சை. அத்துடன் வாரந்தோறும் சிஸ்பிளாட்டின் மருந்தும், கதிர்வீச்சு மூலத்தைக் கருப்பைவாய்க்கு அருகிலேயே வைத்துச் செலுத்தும் பிராக்கிதெரபியும் தரப்படுகின்றன. கதிர்வீச்சு மருத்துவர், கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர், திசுவைப் பரிசோதித்துச் சொல்லும் நோய்க்குறியியல் நிபுணர் ஆகியோர் இல்லாத இடத்தில் தங்கள் மகள் கற்ற கல்வியில் பாதி பயன்படாமல் போகும். எனவே அவர் மதுரை, கோயம்புத்தூர், சென்னை, திருவனந்தபுரம் போன்ற பெரிய ஊர்களில்தான் பணிபுரிய வேண்டியிருக்கும். ஊரில் மருத்துவமனைக்கென்று தாங்கள் இடம் வாங்கி வைத்திருந்தால், அதைப் பற்றி வீட்டில் இப்போதே வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

படிப்பின் பாதை எளிமையானது, போட்டி கடுமையானது. எம்.எஸ். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. முடித்தவர்கள், உயர் சிறப்புப் படிப்புகளுக்கான நீட் எஸ்.எஸ். நுழைவுத் தேர்வு எழுதி மூன்றாண்டு எம்.சிஎச். படிப்பில் சேரலாம். பெங்களூரு கித்வாய் புற்றுநோய் நிலையம், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் போன்ற சில நிறுவனங்களில் மட்டுமே இது நடைபெறுவதால் இடங்கள் குறைவு. முதல் முயற்சியில் இடம் கிடைக்காவிட்டால், தனியார் மருத்துவமனைகள் வழங்கும் ஓராண்டு, ஈராண்டு ஃபெல்லோஷிப் பயிற்சிகளில் சேரலாமா என்று தங்கள் மகள் கேட்பார். கைத்திறன் வளர அவை உதவும். ஆனால் அந்தச் சான்றிதழ் எம்.சிஎச். பட்டத்துக்கு ஈடாகாது, அரசு மருத்துவக் கல்லூரியின் உயர் சிறப்புத் துறைப் பதவிகளுக்கு அது போதாது என்பதை அறிந்தே சேர வேண்டும்.

இதுவரை சொன்னவற்றைத் தங்கள் மகளும் விசாரித்து அறிந்திருப்பார். பெரும்பாலான மாணவர்கள் எண்ணிப் பார்க்காத இன்னொரு பகுதி இத்துறையில் இருக்கிறது. என் கருத்தில், அவருக்கு இத்துறை பொருந்துமா என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். நோய் வந்தபின் அறுப்பது பாதி வேலை; நோய் வருமுன் கண்டறியும் திட்டத்தைக் கட்டியெழுப்பி, ஆண்டுக்கணக்கில் நடத்துவது மறுபாதி. கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ எல்லா நேர்வுகளிலும் எச்பிவி என்னும் வைரஸ் தொற்று நீடிப்பதால் உண்டாகிறது. தொற்று புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகும். இவ்வளவு நீண்ட அவகாசம் கிடைத்தும், உலகப் புற்றுநோய்க் கணிப்பின்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறக்குறைய 80,000 பெண்கள் இந்நோயால் இறந்தார்கள்.

தங்களுக்குப் பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லில் நடந்த ஆய்வை இத்துறையில் உலகம் முழுவதும் மேற்கோள் காட்டுகிறார்கள். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மையாக மாறும் திட்டுகள் உள்ளனவா என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். மாற்றம் தெரிந்தவர்களுக்கு அங்கேயே கருப்பைவாயை உருப்பெருக்கியால் பார்க்கும் கால்போஸ்கோப்பி செய்து, தேவைப்பட்டோருக்கு மாறிய திசுவை உறைய வைத்து அழிக்கும் சிகிச்சையையும் அளித்தார்கள். 2007இல் லான்செட் இதழில் வெளிவந்த அதன் முடிவு, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேர்ந்த இறப்பு மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்திருந்ததைக் காட்டியது. விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்குக் காரணமில்லை. கண்டறிதலுக்கும் சிகிச்சைக்கும் இடையே பெண்கள் நழுவிப் போகாமல் பார்த்துக்கொண்ட ஏற்பாடுதான் காரணம் என்று நான் கருதுகிறேன்.

தமிழ்நாடு அரசின் பரிசோதனைத் திட்டமும் முதலில் தங்கள் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாக நடத்தப்பட்டு, பின்னரே மாநிலம் முழுவதும் விரிந்தது. இருந்தும் 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் இப்பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம் மட்டுமே. நாட்டின் சராசரி 1.9 சதவீதம் என்பதால் நம்முடையது பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2030க்குள் எட்ட வேண்டுமென்று வைத்திருக்கும் இலக்கு 70 சதவீதம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் தங்கள் மகளைப் போன்றவர்கள் தேவைப்படுகிறார்கள். கணவரிடம் கேட்க வேண்டும் என்று திரும்பிப் போகும் பெண்ணை மறுபடி அழைத்துவருவது, மாற்றம் தெரிந்தவர்களின் பட்டியலில் யார் சிகிச்சைக்கு வரவில்லை என்று மாதந்தோறும் பார்ப்பது, கிராமச் செவிலியருக்கு மீண்டும் மீண்டும் பயிற்சி அளிப்பது, அமிலப் பரிசோதனைக்குப் பதிலாக எச்பிவி பரிசோதனைக்கு மாறும்போது மாதிரிகள் ஆய்வகம் போய்ச்சேரும் வழியை ஒழுங்கு செய்வது எல்லாம் இத்துறையின் வேலைதான். அறுவை அரங்கில் கிடைக்கும் பாராட்டு இதில் கிடைக்காது. இந்தப் பகுதி சலிப்பூட்டுகிறது என்று அவர் சொன்னால், அவரைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் வேறு உயர் சிறப்புத் துறைகளையும் அவர் பரிசீலிக்கட்டும்.

எல்லாப் புற்றுநோய்க்கும் இப்படி முன்கூட்டிய பரிசோதனை உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு, இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து சினைப்பைப் புற்றுநோயை முன்கூட்டியே தேடுவதால் இறப்பு குறையவில்லை என்று 2021இல் அறிவித்தது. நோய்க்குறியோ குடும்ப வரலாறோ இல்லாத பெண்களிடம் முகாம் என்ற பெயரில் சிஏ-125 என்னும் அந்த இரத்தப் பரிசோதனையை விற்பவர்களைத் தங்கள் மகள் பின்னாளில் சந்திப்பார். அப்போது வேண்டாம் என்று சொல்லும் துணிவும் இந்தப் படிப்பின் ஒரு பகுதிதான்.

மரணத்தைப் பற்றிய தங்கள் அச்சத்திற்கு வருகிறேன். மரணங்கள் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் தொடக்க நிலையில் வரும் கருப்பைவாய்ப் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். கருப்பை உட்படலப் புற்றுநோய், மாதவிடாய் நின்றபின் ஏற்படும் இரத்தப்போக்கினால் பலருக்கு முன்கூட்டியே வெளிப்பட்டுவிடுகிறது. வேலை நேரமும் தாங்கள் நினைப்பதற்கு மாறானது: நள்ளிரவுப் பிரசவ அழைப்புகள் இங்கே இல்லை, நாள் குறித்துச் செய்யும் நீண்ட அறுவைகளே மிகுதி. குடும்பம் நடத்த இது மகப்பேறு மருத்துவத்தைவிட எளிது என்றே பலருக்கும் சொல்லி வருகிறேன்.

இறுதித் தேர்வு முடிந்தவுடன் அவர் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் அனுமதி பெற்றுச் சில வாரங்கள் பார்வையாளராக இருக்கட்டும். அறுவை அரங்கில் நிற்பதோடு நிறுத்தாமல், பல துறை மருத்துவர்களும் கூடி ஒரு நோயாளியின் சிகிச்சையை முடிவு செய்யும் டியூமர் போர்டு கூட்டத்திலும் அமரட்டும். ஒரு பரிசோதனை முகாமில் மாற்றம் தெரிந்த பெண்களைச் சிகிச்சை முடியும்வரை தொடர்ந்து கவனிக்கட்டும். எம்.சிஎச். கிடைக்காமலே போனாலும் இது வீணாகாது. கருப்பைவாயைச் சோதிக்காமல், அதிக இரத்தப்போக்கு என்று கருப்பையை அகற்றிவிட்டு, பிறகு வந்த பயாப்சி முடிவில் புற்றுநோயைக் கண்டு திகைக்கும் நிலை நம் ஊர்களில் இன்னும் ஏற்படுகிறது. இந்தப் பயிற்சி பெற்ற பொது மகளிர் மருத்துவர் அந்தத் தவறைச் செய்யமாட்டார். திட்டம் நடத்துவதில்தான் விருப்பம் என்று அவர் கண்டுகொண்டால், சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிலையத்தின் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பையும் எண்ணிப் பார்க்கலாம்.

பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் இளைய மகளைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். திண்டுக்கல் ஆய்வில் பரிசோதனையைச் செய்தவர்கள் செவிலியர்கள்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். புற்றுநோய்ச் செவிலியத்தில் ஓராண்டு டிப்ளமோ உண்டு. அதைப் பற்றி அவரிடமும் பேசுங்கள்.

திருமணப் பேச்சைத் தொடங்குவதற்காகப் படிப்பையும், படிப்புக்காகத் திருமணப் பேச்சையும் நிறுத்த வேண்டியதில்லை. வரும் குடும்பத்திடம் மூன்றாண்டுப் படிப்பையும் அதன்பின் பெருநகரத்தில் அமையக்கூடிய வேலையையும் முன்பே சொல்லிவிடுங்கள். கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்துமுன், ஒவ்வொரு நிறுவனமும் படிப்பு முடிந்தபின் எத்தனை ஆண்டுப் பணியைக் கட்டாயமாக்குகிறது, இடையில் விலகினால் எவ்வளவு தொகை கட்ட வேண்டும், மாத உதவித்தொகை எவ்வளவு என்பவற்றை அந்தந்த ஆண்டின் தகவல் ஏட்டில் தங்கள் மகளுடன் சேர்ந்து படித்துப் பாருங்கள். இவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், சென்ற ஆண்டு சேர்ந்தவர்கள் சொல்வதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.